மலை பெரிதாக வேண்டாம், சரிவு சின்னதாக இருக்கட்டும்

கேள்வி: நாங்கள் திருப்பூர். கணவர் நிட்டிங் யூனிட் வைத்திருக்கிறார். அவருக்கு 44 வயது, எனக்கு 39. மகள் எட்டாம் வகுப்பு, மகன் மூன்றாம் வகுப்பு. வருகிற குளிர்காலத்தில் எட்டு நாள் பனிச்சறுக்குப் பயணம் போக ஆசை. போட்டோ எடுத்துவிட்டு வருவதற்கு இல்லை, நிஜமாகவே கற்றுக்கொள்ள வேண்டும். டிராவல்ஸ்காரர் மணாலி போதும் என்கிறார். கணவரின் நண்பர் அவுலி என்கிறார். எதிர்வீட்டில் போன வருஷம் சுவிட்சர்லாந்து போய் வந்தவர்கள், ‘போனால் அங்கே போகணும்’ என்கிறார்கள். என் மனதில் குல்மார்க் இருக்கிறது. ஆனால் காஷ்மீர் என்றாலே வீட்டில் பயப்படுகிறார்கள். 67 வயது மாமியாரும் வருவார். அவருக்கு முழங்கால் வலி, ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை எடுக்கிறார். அரையாண்டு விடுமுறையில் போவதா, பொங்கலுக்கா? ஐந்து பேருக்கும் சேர்த்து நாலு லட்சம் ஒதுக்கியிருக்கிறோம். மகன் கேட்கச் சொன்ன கேள்வி ஒன்று: அங்கே பனிமனிதன் செய்ய முடியுமா?
– வாசகி, திருப்பூர்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

‘நிஜமாகவே கற்றுக்கொள்ள வேண்டும்’ என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த ஒரு வரியை வைத்துத்தான் இந்தப் பதில் முழுவதும். அது இல்லாவிட்டால் நானும் மணாலி என்று சொல்லி முடித்திருப்பேன்.

முதன்முதலாகப் பனிச்சறுக்குப் பலகையில் ஏறுகிறவருக்கு மலையே தேவையில்லை. இருநூறு மீட்டர் நீளத்தில் மெல்லச் சரிந்து, அடியில் தானாகவே நின்றுவிடும்படி சமதளமாக முடிகிற ஒரு மேடு போதும். அந்த மேட்டில் திரும்பத் திரும்ப மேலே இழுத்துவிட ஒரு லிஃப்ட், கூடவே ஐந்து காலை நேரங்களுக்கு அதே ஆசிரியர். இந்த மூன்றும் எந்த ஊரில் ஒன்றாகக் கிடைக்கிறதோ அதுதான் உங்கள் ஊர். பதினேழு வருஷமாகக் குழுக்களை அழைத்துப் போகிறேன். ஊரின் பெயரைப் பார்த்து மலையைத் தேர்ந்தெடுத்தவர்கள் மூன்றாம் நாளே ஷாப்பிங் போய்விடுவார்கள். மேட்டைப் பார்த்துத் தேர்ந்தெடுத்தவர்கள்தான் ஆறாம் நாள், ‘இன்னும் ஒரு நாள் இருக்கலாமா?’ என்று கேட்பார்கள்.

எதிர்வீட்டுக்காரர்களை முதலில் முடித்துவிடுவோம். சுவிட்சர்லாந்து அருமையான இடம், மறுப்பே இல்லை. செர்மாட் மாதிரி ஒரு ஊரில், எல்லைக்கு அந்தப் பக்கத்து இத்தாலியையும் சேர்த்து, 360 கிலோமீட்டர் நீளத்துக்குச் சறுக்குப் பாதைகள் இருக்கின்றன. முதல் வாரம் கற்கிறவர் அதில் அரைக் கிலோமீட்டரைத் தாண்ட மாட்டார். மீதி 359-க்கும் சேர்த்துத்தான் அங்கே விலைவாசி. தவிர, நம் ஊர்க் குழுக்களில் பலர் டிட்லிஸ் உச்சிக்குக் கேபிள் காரில் போய், அரை மணி நேரம் பனியை மிதித்துவிட்டு இறங்கிவிடுகிறார்கள். எதிர்வீட்டுக்காரர்கள் பலகை மாட்டினார்களா என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள். நாலு லட்சத்தில் ஐந்து பேருக்கு அது நடக்காது. இரண்டாவது, மூன்றாவது பயணத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து மணாலி. சரியாகச் சொன்னால் மணாலியில் இருந்து பதிமூன்று, பதினாலு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் சோலாங் பள்ளத்தாக்கு. அதை நான் மட்டம் தட்டவில்லை. 2018-இல் துருக்கியில் வெண்கலம் வென்று, சர்வதேசப் பனிச்சறுக்கில் இந்தியாவுக்கு முதல் பதக்கம் வாங்கித் தந்த ஆஞ்சல் தாக்கூர் அந்தப் பக்கத்துப் பெண்தான். மணாலியில் இருக்கும் அடல் பிகாரி வாஜ்பாய் மலையேற்ற நிறுவனம் முறையான வகுப்பும் நடத்துகிறது. ஆனால் சுற்றுலாப் பயணியாகப் போகிறவருக்குக் கிடைப்பது வேறு. போகிற வழியெல்லாம் நம்பர் போட்ட கடைகள். அங்கே வாடகைக்கு ஒரு தொளதொள அங்கியும் கம்பூட்டும் மாட்டிவிடுவார்கள். மேலே போனால் ஒருவர் உங்கள் காலில் பலகையைக் கட்டி, கையைப் பிடித்து முப்பது அடி இழுத்துப் போவார், போட்டோ எடுப்பார், அடுத்த ஆளிடம் போய்விடுவார். பத்து நிமிஷம். நெரிசலான நாளில் அந்தப் பத்து நிமிஷத்துக்காகக் காரில் மூன்று மணி நேரம் உட்கார வேண்டியிருக்கும். உங்கள் டிராவல்ஸ்காரர் பொய் சொல்லவில்லை. அவரிடம் வருகிறவர்களில் பெரும்பாலோருக்கு அந்தப் பத்து நிமிஷமே போதும்.

உத்தராகண்டில் இருக்கும் அவுலிதான் எனக்குக் கொஞ்சம் மனக்கஷ்டம் தருகிற இடம். கற்றுக்கொள்ள அவ்வளவு அழகான சரிவு இந்தியாவில் வேறு கிடையாது என்பேன். ஓக், தேவதாரு மரங்களுக்கு மேலே விரிந்த புல்வெளி, எதிரே 7,816 மீட்டர் உயர நந்தாதேவி. கட்வால் மண்டல விகாஸ் நிகாம் என்ற அரசு நிறுவனம் தங்குமிடம், சாப்பாடு, பலகை, வகுப்பு எல்லாம் சேர்த்தே பயிற்சி நடத்தி வந்திருக்கிறது. இந்தோ-திபெத் எல்லைக் காவல் படையின் பயிற்சிப் பள்ளியும் அங்கேதான். 2011-இல் தெற்காசியக் குளிர்கால விளையாட்டுகள் நடந்த சரிவு அது. ஆனால் ரிஷிகேஷில் இருந்து, அவுலிக்குக் கீழே இருக்கும் ஊரான ஜோஷிமட்டுக்கு 250 கிலோமீட்டர் மலைப்பாதை, ஒன்பது பத்து மணி நேரம். முழங்கால் வலியோடு உங்கள் மாமியார் அந்தப் பயணத்தைச் செய்வதை நினைத்துப் பாருங்கள். போக ஒரு நாள், வர ஒரு நாள் என்று எட்டில் இரண்டு நாள் சாலையிலேயே போய்விடும். 2023 ஜனவரியில் ஜோஷிமட்டில் நிலம் தாழ்ந்து வீடுகள் விரிசல் விட்டபோது அங்கிருந்து அவுலிக்குப் போகும் ரோப்வேயையும் நிறுத்திவிட்டார்கள். எல்லாவற்றுக்கும் மேலே, பனி வரும் என்று நம்பி நாள் குறிக்க முடியாத இடமாக அது ஆகிவருகிறது.

ஏன் அப்படி? இமயத்தில் குளிர்காலப் பனியைக் கொண்டுவருவது மத்தியதரைக் கடல் பக்கமிருந்து கிழக்கே நகர்ந்து வரும் காற்றுச் சுழல்கள். ‘மேற்கத்திய இடையூறு’ என்று வானிலைச் செய்தியில் கேட்டிருப்பீர்கள். அது முதலில் மோதுவது காஷ்மீரில். உத்தராகண்டுக்கு வந்து சேரும்போது பல நேரம் பாதி தீர்ந்திருக்கும். உங்களுக்குத் தெரியாததா? வடகிழக்குப் பருவமழை வேதாரண்யத்தில் கொட்டித் தீர்த்துவிட்டு, திருப்பூருக்கு வரும்போது தூறலாகத் தேய்ந்து நிற்கும். அதே கதைதான்.

ஆக, குல்மார்க். உங்கள் மனதில் இருப்பது சரியான இடம்.

அதற்கு நான் சொல்லும் காரணம் மட்டும் நீங்கள் நினைப்பதாக இருக்காது. குல்மார்க் என்றால் எல்லோரும் கோண்டோலா என்கிற கேபிள் காரைத்தான் சொல்வார்கள். 1998-இல் முதல் கட்டம், 2005-இல் இரண்டாம் கட்டம். ஏறத்தாழ 4,000 மீட்டர் உயரத்தில் அபர்வட் மலைத் தோள்வரை கொண்டுபோய் விடும். உலகம் முழுவதிலும் இருந்து கைதேர்ந்த சறுக்குக்காரர்கள் அந்த மேல் சரிவுகளின் தூள் பனிக்காகத்தான் வருகிறார்கள். அது உங்களுக்கு வேண்டவே வேண்டாம். சீர்செய்யாத காட்டுச் சரிவு அது, மேலிருந்து பனி சரிந்து விழுந்து மூடுகிற அபாயமும் உண்டு. 2023 பிப்ரவரியில் போலந்துக்காரர்கள் இருவர் அங்கே இறந்தார்கள். உங்களுக்கு வேண்டியது கீழே, 2,650 மீட்டரில், ஊரே அமர்ந்திருக்கும் அந்தக் கிண்ணம் போன்ற புல்வெளி. கோடையில் கோல்ஃப் மைதானம். குளிர்காலத்தில் அதன் ஓரங்களில் சின்னச் சின்ன மேடுகளும், இழுத்துப்போகும் லிஃப்ட்டுகளும். விழுந்தால் பனியில் உட்காருவீர்கள், அவ்வளவுதான். அறைக்கு நடந்தே திரும்பிவிடலாம். இந்தக் கடைசி வசதியின் அருமை, காலில் ஸ்கீ பூட்ஸோடு அழுதுகொண்டிருக்கும் ஒன்பது வயதுப் பையனைத் தூக்கிக்கொண்டு நடந்தவர்களுக்குத்தான் தெரியும்.

ஆசிரியர்களும் அங்கே பஞ்சமில்லை. மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் பனிச்சறுக்கு, மலையேற்றப் பயிற்சி நிறுவனம் குல்மார்கில்தான் இருக்கிறது. 2022 பெய்ஜிங் குளிர்கால ஒலிம்பிக்குக்கு இந்தியாவில் இருந்து போன ஒரே வீரர் ஆரிஃப் கான் அந்த மலையடிவாரத்து ஆள். தனியார் பயிற்றுநர்களும் நிறைய. முன்கூட்டியே பேசும்போது மூன்று விஷயம் கேளுங்கள். ஐந்து நாளும் அவரே வருவாரா, குழந்தைகளுக்குத் தனியாக இன்னொருவர் உண்டா, ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம். கணவன், மனைவி, பிள்ளைகள் நாலு பேரையும் ஒரே ஆசிரியரிடம் விடாதீர்கள். பிள்ளைகள் இரண்டாம் நாளே பறப்பார்கள், அப்பா இன்னும் எழுந்து நிற்கப் பழகிக்கொண்டிருப்பார். வீட்டுச் சண்டைக்கு அதுவே போதும்.

இப்போது நாள். இதில்தான் நீங்கள் கொஞ்சம் வளைந்து கொடுக்க வேண்டும். தமிழ்நாட்டுப் பள்ளி விடுமுறையைப் போட்டவர்கள் பனியை மனதில் வைத்துப் போடவில்லை. அரையாண்டு விடுமுறை டிசம்பர் கடைசி வாரம். காஷ்மீரில் டிசம்பர் 21-இல் ‘சில்லை கலான்’ தொடங்குகிறது. நம் கத்திரி வெயில் மாதிரி தேதி குறித்து வருகிற நாற்பது நாள் கடுங்குளிர். குளிர் தவறாமல் வந்துவிடும். பனிதான் வரும், வராது. ஒரு வருஷம் கிறிஸ்துமஸுக்கு இருபத்திரண்டு பேரை அழைத்துப் போனேன். குல்மார்க் முழுக்கக் காய்ந்த பழுப்புப் புல். பிள்ளைகள் குதிரைச் சவாரி செய்தார்கள், பெற்றோர்கள் என்னை முறைத்தார்கள். என் தவறுதான். அதன் பிறகு டிசம்பருக்கு யாரையும் நான் குல்மார்க் அனுப்புவதில்லை. பொங்கலும் உறுதியில்லை. 2024-இல் ஜனவரி கடைசிவரை அங்கே பனியே விழவில்லை. 2025-இல் பிப்ரவரியில் நடக்க வேண்டிய கேலோ இந்தியா குளிர்கால விளையாட்டுகளையே பனி போதாமல் மார்ச்சுக்குத் தள்ளிவைத்தார்கள்.

அப்படியானால் எப்போது? பிப்ரவரி இரண்டாம் வாரம் தொடங்கி மூன்றாம் வாரம் முடிவதற்குள். கிடைக்கிற வாய்ப்புகளில் மிகச் சிறந்தது அதுதான். பள்ளிக்கு ஒரு வாரம் லீவு போட வேண்டும். எட்டாம் வகுப்பு, மூன்றாம் வகுப்பு என்றால் போடலாம். இன்னும் இரண்டு வருஷத்தில் மகள் பத்தாம் வகுப்பு. அப்போது நீங்களே நினைத்தாலும் வீட்டில் விட மாட்டார்கள். லீவே முடியாது, டிசம்பர்தான் என்றால் குல்மார்கை விட்டுவிட்டுக் கஜகஸ்தானின் அல்மாட்டிக்குப் போங்கள். அதிர்ச்சியாக வேண்டாம். டெல்லியில் இருந்து நேரடி விமானம் இருக்கிறது, 14 நாள்வரை இந்தியர்களுக்கு விசா தேவையில்லை. நகரத்தில் இருந்து சுமார் 25 கிலோமீட்டரில் ஷிம்புலாக், அடிவாரம் 2,260 மீட்டர். சரிவுகளை இயந்திரத்தால் சீர்செய்து வைக்கிறார்கள், பனி குறைந்தால் செயற்கைப் பனியும் தூவுகிறார்கள். ஆங்கிலம் பேசும் ஆசிரியர் வேண்டும் என்று முன்பே எழுதிக் கேட்க வேண்டும், இல்லாவிட்டால் ரஷ்ய மொழியில் திட்டு வாங்குவீர்கள். நகரத்தில் குளிர்காலப் புகைமூட்டம் உண்டு. சைவம் என்றால் சாப்பாட்டுக்குத் திண்டாட்டம், குதிரை இறைச்சி அங்கே விருந்துச் சாப்பாடு. செலவு நாலு லட்சத்தைத் தாண்டும்.

காஷ்மீர் பயத்தைப் பற்றி. 2025 ஏப்ரலில் பகல்காமில் சுற்றுலாப் பயணிகள் மீது நடந்த தாக்குதலுக்குப் பிறகு, ‘ஒன்றும் ஆகாது, தைரியமாகப் போங்கள்’ என்று எழுத எனக்கு உரிமை இல்லை. நான் செய்வதைச் சொல்கிறேன். ரத்து செய்தால் பணம் திரும்புகிற டிக்கெட், அறை மட்டும் போடுவேன். ஜனவரி 26-ஐ ஒட்டிய நாட்களைத் தவிர்ப்பேன், சோதனைகளிலேயே நேரம் போய்விடும். கிளம்புவதற்குப் பத்து நாள் முன்பு நிலவரம் பார்த்து முடிவெடுப்பேன். இவ்வளவுக்குப் பிறகும் வீட்டில் ஒருவர் எட்டு நாளும் நெஞ்சைப் பிடித்துக்கொண்டுதான் இருப்பார் என்றால், அந்தப் பயணம் அவருக்குத் தண்டனை. அப்போது அல்மாட்டிக்கே போங்கள், கையிருப்பைக் கொஞ்சம் கூட்டிக்கொண்டு.

போகும் வழி கோவை, டெல்லி, ஸ்ரீநகர். ஸ்ரீநகரில் இருந்து குல்மார்க் ஐம்பது கிலோமீட்டர்தான். அடிவாரத்து ஊரான டாங்மார்குக்குப் பிறகு கடைசிப் பதிமூன்று கிலோமீட்டர், பனி கொட்டிய நாளில் சக்கரத்தில் சங்கிலி கட்டிய ஜீப்பில்தான் ஏற முடியும். வாடகை மிச்சம் என்று டாங்மார்கிலேயே தங்காதீர்கள், தினமும் காலையில் அந்த ஏற்றம் ஏறுவதற்குள் வகுப்பு நேரம் போய்விடும். பனிப்பொழிவில் ஸ்ரீநகர் விமானங்கள் ரத்தாவது சகஜம். அதனால் எட்டாம் நாளைத் திரும்புகிற நாளாக வைக்காமல் ஏழாம் நாளே ஸ்ரீநகருக்கு இறங்கிவிடுங்கள். விமானமே இல்லையென்றால் 2025 ஜூனில் இருந்து ஸ்ரீநகரில் இருந்து கட்ராவுக்கு வந்தே பாரத் ரயில் ஓடுகிறது, மூன்று மணி நேரம்தான். அந்தக் கட்ராவில் இருந்து கோவை, ஈரோடு வழியாகக் கன்னியாகுமரிக்கு ஹிம்சாகர் எக்ஸ்பிரஸ் இருக்கிறது. மூன்று நாள் பயணம். மாமியாரிடம் சொல்லிவிடாதீர்கள், அதில்தான் போகலாம் என்பார்.

அவரைப் பற்றி. தாராளமாக அழைத்துப் போங்கள், மருத்துவரிடம் உயரத்தைச் சொல்லி ஒரு வார்த்தை கேட்டுவிட்டு. முதல் நாள் ஓய்வு, தண்ணீர் நிறைய. மூன்றாம் நாளுக்கு மேல் கோண்டோலாவின் முதல் கட்டம்வரை, அதாவது கொங்டூரிவரை போகலாம், மூவாயிரத்துச் சொச்சம் மீட்டர். இரண்டாம் கட்டம் வேண்டாம். பனியில் நடக்கும்போது ஒரு கைத்தடி இருக்கட்டும், அதன் முனையில் இரும்புக் கூர் வேண்டும். அறை பிடிக்கும்போது ‘புகாரி’ என்கிற விறகு அடுப்போ, சூடேற்றிய கட்டிலோ உண்டா என்று கேளுங்கள். பகலில் அங்கே பெண்கள் ஃபெரன் என்கிற நீளமான கம்பளி அங்கிக்குள் காங்கிரி என்று ஒரு கனல் சட்டியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். உங்கள் மாமியாருக்கு யாராவது ஒன்று கொடுத்துவிட்டால், அதைத் திருப்பி வாங்குவதுதான் கஷ்டம்.

உங்கள் ஊர்க்காரரிடம் சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கிறது, சொல்லியே ஆக வேண்டும்: உள்ளே பருத்தி பனியன் போடாதீர்கள். சறுக்கும்போது நன்றாக வியர்க்கும், பருத்தி அந்த ஈரத்தைப் பிடித்துக்கொள்ளும், நின்ற ஐந்தாவது நிமிஷம் பல் கிட்டித்துவிடும். கம்பளி அல்லது பாலியஸ்டர் உள்ளாடை, நடுவில் ஃபிலீஸ், மேலே தண்ணீர் புகாத ஜாக்கெட். கணவரின் யூனிட்டிலேயே இதற்கான துணி கிடைத்தாலும் ஆச்சரியமில்லை. கால் உறை ஒன்றே ஒன்று, மெல்லியதாக, முழங்காலுக்குக் கீழ்வரை. குளிருமே என்று முதல் தடவை நான் இரண்டு கம்பளி உறை போட்டேன். பூட்ஸுக்குள் ரத்த ஓட்டமே நின்று, மதியத்துக்குள் கால்விரல் இருக்கிறதா என்று தொட்டுப் பார்க்க வேண்டியதாயிற்று. வாடகை பூட்ஸ் போட்டதும் முழங்காலை முன்னால் மடக்குங்கள். குதிகால் மேலே எழும்பினால் அது பெரிய சைஸ், மாற்றச் சொல்லுங்கள். கடைக்காரர் முகம் சுளித்தாலும் மாற்றுங்கள். உங்கள் எடையைக் குறைத்துச் சொல்லாதீர்கள், விழும்போது பலகை காலை விட்டுக் கழல வேண்டிய அழுத்தத்தை அதை வைத்துத்தான் திருகுவார்கள். எல்லோருக்கும் ஹெல்மெட், எல்லோருக்கும் கறுப்புக் கண்ணாடி.

இழுவை லிஃப்ட்டில் எல்லோரும் விழுவது ஒரே காரணத்தால். கம்பியின் நுனியில் ஒரு தட்டு தொங்கும், அதைத் தொடைகளுக்கு இடையில் வைத்துக்கொள்ள வேண்டும். தட்டைப் பார்த்ததும் நம் ஆட்களுக்கு உட்காரத் தோன்றும். உட்கார்ந்தால் தரையில்தான். நின்றபடியே இருங்கள், அது இழுத்துக்கொண்டு போகட்டும். மற்றபடி முதல் நாள் பாடம் மொத்தமும் நிறுத்துவதுதான். பலகைகளின் முன்நுனிகளை நெருக்கி, பின்பக்கம் அகட்டி, உள் விளிம்பை அழுத்தினால் வேகம் குறையும். இதற்குத் தொடையில் வலு வேண்டும். இன்றைக்கே ஆரம்பித்துத் தினம் முப்பது தோப்புக்கரணம், நாலு பேரும். விளையாட்டுக்குச் சொல்லவில்லை, ஆறு வாரம் போட்டவர்களையும் போடாதவர்களையும் இரண்டாம் நாள் காலையில் படியிறங்கும்போதே என்னால் பிரித்துச் சொல்ல முடியும்.

பணம் போதும். பாதிக்குப் பக்கமாக அறைக்கும் சாப்பாட்டுக்கும் போகும். ஜீப், ஸ்லெட்ஜ், வழிகாட்டி என்று இறங்கியதுமே சூழ்ந்துகொள்வார்கள். எதுவானாலும் ஏறுவதற்கு முன் தொகையைப் பேசிவிடுங்கள். பயணக் காப்பீட்டில் பனிச்சறுக்கு அடங்குமா என்று கேட்டு எழுத்தில் வாங்குங்கள், சாதாரண பாலிசியில் பெரும்பாலும் விட்டிருப்பார்கள். வெளிமாநில பிரீபெய்டு சிம் ஜம்மு-காஷ்மீரில் வேலை செய்யாது. ஒருவரிடமாவது போஸ்ட்பெய்டு இருக்கட்டும்.

மகனின் கேள்வி. செய்யலாம், ஆனால் பனி விழுந்த அன்றைக்கே முடியாது. குல்மார்கின் புதுப்பனி உலர்ந்த அரிசிமாவு மாதிரி, எவ்வளவு அழுத்தினாலும் உருண்டை பிடிக்காது, உதிர்ந்துவிடும். இரண்டு மூன்று நாள் பொறுத்து, நல்ல வெயில் அடிக்கிற மதியம், இரண்டு மணிக்கு மேல், அறைக்கு முன்னால் தெற்கு பார்த்த பக்கத்துப் பனியை எடுக்கச் சொல்லுங்கள். கொஞ்சம் ஈரம் ஏறி, கொழுக்கட்டை மாவுப் பதத்தில் இருக்கும். மூக்குக்குக் கேரட் ஓட்டல் சமையலறையில் கேட்டால் தருவார்கள்.